ட்ரெவருக்கு வழங்கப்பட்ட மன்னிப்பு

இயற்கை ஒன்றை இரண்டாக்கும். திருமணம் இரண்டை ஒன்றாக்கும். இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தை இரண்டைவிடப் பெரிதாக்கிக் காட்டும் கணிதத்தை உலகுக்கு வழங்கிய பெருமை பிரிட்டிஷ் ஒலித்தட்டுத் துறையையே சாரும். அத்துறையின் மணிமகுடமான 'மெரிடித் அண்ட் போல்' கம்பெனியின் விளம்பரப் பிரிவில், எண்பதுகள் முழுவதும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து வாழ்ந்தவன் நான் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பணிவு குறைவாகத் தெரிந்தால் அது பதவியின் இயல்பு.

கிளெண்டா ஆக்கிள்பியும் ட்ரெவர் மங்காஸ்டரும் கிரிம்ஸ்பி துறைமுகத்தில், மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். அவள் பாடுவாள், அவன் மீன்பெட்டியில் தாளம் போடுவான். பிறகு ஒரு பழைய கீபோர்டு வாங்கி மதுக்கடைகளில் பாட ஆரம்பித்தார்கள். இருவருமே தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போடுபவர்கள் என்பதால் ஜோடிக்கு 'டூ ஷுகர்ஸ்' என்று பெயர். காதல் கிடையாது. ட்ரெவரின் மனைவி நோரீன், கிளெண்டாவோடு பள்ளியில் படித்தவள். ஞாயிறு மதியச் சாப்பாடு மூவருக்கும் ஒரே மேஜையில்தான். இப்படிப்பட்ட ஆரோக்கியமற்ற சூழலிலிருந்துதான் எங்கள் கம்பெனி அவர்களை மீட்டெடுத்தது.

'பஸ் போயிடுச்சு, நடப்போம்' என்ற அவர்களின் முதல் பாட்டைப் பள்ளிக்கூடப் பெண்களிலிருந்து பாதிரியார்கள்வரை முணுமுணுத்தார்கள். ஆனால் விளம்பரப் பிரிவின் தலைவர் கிறிஸ்பின் ஹாதர்சேஜ் முகத்தில் களையில்லை.

"சந்தோஷமா இருக்கிற ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" என்று கூட்டத்தில் கேட்டார். "நேத்து ஒரு நிருபர் போன் பண்ணினான். என்ன விசேஷம்னான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னேன். வெச்சுட்டான்."

புகைப்படப் பிரிவு ஒரு படத்தை நீட்டியது. "தட்டு அட்டையில ரெண்டு தலை இடிக்குது சார். அதுலயும் ட்ரெவரோட காது ரெண்டும் விளிம்பைத் தாண்டுது."

"என்ன வழி?"

"காதை வெட்டிடலாம் சார்."

"எதுக்குச் சுத்தி வளைக்கணும்? ட்ரெவரையே வெட்டிடலாம்."

ஒரு மாபெரும் தனிக்கலைஞர் பிறந்த தருணம் அது. கிளெண்டாவுக்கு விஷயம் தெரியாது. அவள் அப்போது கேண்டீனில் இருந்தாள்.

இருவரையும் அழைத்துச் சொன்னபோது, எதிர்பார்த்த கண்ணீர் வரவில்லை. ட்ரெவர் எழுந்து நின்று ஹாதர்சேஜின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ரொம்ப நன்றி சார்! மேடைன்னாலே எனக்கு ஆகாது. நான் வீட்ல உக்காந்து பாட்டு எழுதித் தரேன். அவ ஊர் ஊராப் போய்ப் பாடட்டும்."

"சட்டையை இஸ்திரி போடுன்னு இனிமே உன்கிட்ட கத்த வேண்டாம்டா!" என்றாள் கிளெண்டா. இருவரும் சிரித்தார்கள்.

ஹாதர்சேஜ் திகைத்துப்போனார். "என்னங்க இது? பிரிவுன்னா அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

'கருத்து வேறுபாடு காரணமாக' என்று நான் அறிக்கை தட்டினேன். என்ன வேறுபாடு என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்வி. ட்ரெவர் அதுவரை கருத்தே சொன்னதில்லை. எனவே, காரணம் கண்டறியும் குழு கூடியது. பெண் விவகாரம் என்று ஒருவர் முன்மொழிந்தார். ட்ரெவரோடு வந்திருந்த நோரீன் தன் கைப்பையைச் சத்தமாக மேஜைமேல் வைத்தாள். முன்மொழிந்தவர் தண்ணீர் குடித்தார். போதைப்பொருள்? "இருமல் மருந்துக்கே எனக்குத் தலை சுத்தும்" என்றான் ட்ரெவர். பணத் தகராறு? அந்தச் சொல்லைக் கலைஞர்கள் காதுபட உச்சரிக்கவே கூடாது என்று கணக்குப் பிரிவு பதறியது.

கடைசியில் ட்ரெவரே கைகொடுத்தான். "அவ குரலைக் கேட்டு நான் சிரிச்சேன்னு வெச்சுக்குங்க. மீன் ஏலம் விடுற குரல்னு சொன்னேன்னு போடுங்க."

கிளெண்டாவுக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. "எங்கப்பாவே ஏலக்காரர்தானேடா! அவர் கேட்டா பெருமைப்படுவாரு!"

கம்பெனி அதை ஏற்று ஆவணப்படுத்தியது.

கிளெண்டாவின் முதல் தனிப்பாட்டு 'நீ சிரிச்சிட்டே'. நண்பனின் ஏளனத்தால் நொறுங்கிய ஒரு பெண்ணின் கதறல். எழுதியவர் 'ரோசலிண்ட் பீச்' என்று உறையில் இருக்கும். ரோசலிண்ட் பீச்சுக்குப் பெரிய காதுகள். கிரிம்ஸ்பியில் சமையலறை மேஜைமேல் கீபோர்டை வைத்துக்கொண்டு எழுதினார். நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை போனும் செய்தார். "ரெண்டாவது சரணத்துல நான் இன்னும் கொஞ்சம் கெட்டவனா இருந்தா எடுப்பா இருக்கும்ல?"

எடுப்பாகவே இருந்தது. பாட்டு முதலிடம் பிடித்தது. நாடே அழுதது. அழுது முடித்த நாடு, அடுத்து யாரை அடிக்கலாம் என்று பார்த்தது.

புதுப்பாட்டின் ஒலிநாடாவை வாங்கி வர நான் கிரிம்ஸ்பி போயிருந்தேன். ட்ரெவர் என்னை மீன் வறுவல் கடைக்கு அழைத்துப்போனான். கல்லாவில் இருந்த அம்மாள் அவனைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவள். பொட்டலத்தைத் தூக்கிப் போட்டாள்.

"மீனுக்கு வினிகர் ஊத்தலையே அத்தை?" என்றான் ட்ரெவர்.

"தீந்துபோச்சு."

"பின்னாடி பாட்டில் நிறைய இருக்கே."

"அது மனசு இருக்கிறவங்களுக்கு."

தன் மண்ணில் வினிகர் மறுக்கப்படுவது ஒரு கிரிம்ஸ்பிக்காரனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அறிக்கை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. ட்ரெவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

வீட்டில் நோரீன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிதிருத்தும் கடையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு எழுப்பி அனுப்பியிருந்தார்கள்.

"மீதிக்கு உன் புருஷனைக் கூட்டிட்டு வா, பாத்துச் சிரிக்கட்டும்னு சொல்றா" என்றாள். "ட்ரெவர், போதும். அவகிட்ட பேசு."

அவன் அங்கேயே போனை எடுத்தான். "கிளெண்டா, சனிக்கிழமை டிவில வர்றியாமே. அதுல சொல்லிடு. எல்லாம் விளையாட்டுக்குன்னு."

"சொல்லிடறேண்டா. இதைக் கேக்கறதுக்கா இவ்வளவு இழுக்கிறே?" அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நோரீன் முடியை அப்படி வெட்டினவளை நானே வந்து கவனிச்சுக்கறேன்."

ஹாதர்சேஜ் இதைத் தடுத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருந்தன்மையானவர். "உண்மையைச் சொல்றது அவங்க உரிமை" என்றார். பாட்டைப் பாடி முடித்தபிறகு பேட்டி இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். முன்வரிசைக்குக் கைக்குட்டைகளும் ஏற்பாடு செய்தார்.

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். கிளெண்டா பாடினாள். முன்வரிசை விம்மியது. பேட்டியாளர் முன்னால் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சிரிப்பு... இன்னும் வலிக்குதா கிளெண்டா?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். அந்தக் கதையை அவள் எத்தனையோ ஊர்களில் சொல்லியிருந்தாள். சொல்லும்போதெல்லாம் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார்கள். இப்போது அவள் கண்ணிலிருந்தே நீர் வழிந்தது. ஒப்பனைப் பிரிவுக்கு அதில் பங்கில்லை.

"வலிக்குது" என்றாள். "ஆனா ட்ரெவரை நான் மன்னிச்சிட்டேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒப்பனை அறைக்குள் நாங்கள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். ட்ரெவர் கத்தியது அறைக்கே கேட்டதால், காதில் வைக்காமல் அவளிடம் கொடுத்தேன்.

"எதுக்குக் கிளெண்டா என்னை மன்னிச்சே?"

"சொல்லத்தாண்டா வாயைத் திறந்தேன். வரலை. எல்லாரும் என்னையே பாத்துட்டிருந்தாங்க. மன்னிச்சிட்டேன்னா உன்மேல இருக்கிற கோபம் போயிடும்னு தோணிச்சு."

"நீ என்னைத் திட்டியிருந்தா நடுத்தெருவுல நின்னு இல்லைன்னு சொல்லியிருப்பேன். மன்னிச்சிட்டியே, நான் இப்ப எதை இல்லைன்னு சொல்றது?"

"எழுதிக் குடுத்தது நீதானே?"

"நான் பாட்டுதான் எழுதினேன். நீ அதை ஞாபகம்னு வெச்சுக்கிட்டே."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, நிஜமாகவே குழம்பியவளாகக் கேட்டாள்: "நீ சொல்லவே இல்லையா ட்ரெவர்? எனக்கு உன் குரல்லயே காதுல விழுதே."



"சரி, இப்ப சொல்றேன், கேட்டுக்க" என்றான். கத்தவில்லை; பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "உன் குரல் மீன் ஏலக் குரல்தான். அதுவும் உங்கப்பா மாதிரி இல்லை. அந்த மனுஷன் அழுகின மீனை அழுகினதுன்னு சொல்லித்தான் வித்தாரு."

போனை வைத்துவிட்டான். அவள் வைக்கவில்லை. ஹாதர்சேஜ் ரோஜாக்களோடு உள்ளே வந்தார். "அற்புதம்! தேசமே உங்க காலடியில!"

"சார், அவன் சொல்லிட்டான்" என்றாள் கிளெண்டா.

"யாரு? என்ன சொன்னான்?"

"மீன் ஏலக் குரல்னு. நிஜமாவே சொல்லிட்டான்."

ஹாதர்சேஜ் யோசித்தார். "நல்லதாப்போச்சு. தேதிதான் கொஞ்சம் முன்னபின்ன."

அடுத்த ஒலித்தட்டுக்கு ரோசலிண்ட் பீச் எழுதவில்லை. கம்பெனியே 'பாடலாக்கக் குழு' அமைத்து, பெரும்பான்மை வாக்கெடுப்பில் பல்லவிகளைத் தேர்ந்தெடுத்தது. பதிவின்போது உச்ச ஸ்தாயி வரும் இடமெல்லாம் கிளெண்டா பாதியில் நிறுத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவாளரைப் பார்ப்பாள். "ஏலம் மாதிரி இருக்கா?" இல்லை என்பார். நம்பமாட்டாள். ஸ்தாயியைக் குறைப்பார்கள். மறுபடி கேட்பாள். மறுபடி குறைப்பார்கள். தட்டு வெளிவந்தபோது, பேருந்து முழுக்கச் சேர்ந்து பாட வைத்த பெண், பக்கத்து வீட்டில் யாரோ தூங்குவதுபோலப் பாடியிருந்தாள். யாரும் வாங்கவில்லை. ட்ரெவர் பூனை உணவு விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

கம்பெனி கலங்கவில்லை. 'டூ ஷுகர்ஸ் மீண்டும் இணைகிறார்கள்' என்று அறிவித்தது. 'இவர்களிடையே பிணக்கு என்றுமே இருந்ததில்லை. அது பத்திரிகைகள் கட்டிய கதை' என்ற அறிக்கையையும் நான்தான் தட்டினேன். தட்டிய வேகத்தில் ஒரு பிழைகூட வரவில்லை.

லண்டன் ஹோட்டல் ஒன்றில் நிருபர் கூட்டம்.

"உங்களுக்குள்ள சண்டையே இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்ப இல்லை" என்றான் ட்ரெவர்.

"இப்ப இருக்கு" என்றாள் கிளெண்டா.

நகைச்சுவை உணர்வு மங்காத ஜோடி என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் புகழ்ந்தன.

கீழே இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். எனக்கு முன்னால் பேசலாமா என்று அவர்கள் யோசிக்கவில்லை. விளம்பரப் பிரிவை யாரும் மனிதனாகக் கணக்கில் எடுப்பதில்லை.

"அன்னிக்கு போன்ல சொன்னியே" என்றாள் கிளெண்டா, கதவைப் பார்த்தபடி. "நிஜமாவே அப்படித்தான் நினைச்சியா?"

"நினைக்கலை கிளெண்டா. ஒரு நாளும் நினைச்சதில்லை."

"இப்ப அதை நான் எப்படிடா நம்புறது?"

 கதவு திறந்தது. அவள் இடப்பக்கம் போனாள். அவன் வலப்பக்கம் போனான்.

மறு இணைப்புத் தட்டை அவள் திங்கட்கிழமைகளிலும் அவன் வியாழக்கிழமைகளிலும் வந்து பதிவு செய்தார்கள். இருவரும் தோள்மேல் கைபோட்டிருக்கும் அட்டைப்படத்தை, புகைப்படப் பிரிவு இரண்டு படங்களிலிருந்து தயாரித்தது. தட்டு நன்றாக விற்றது.

அந்த ஆண்டு 'நேர்மையான விளம்பரம்' என்ற பிரிவில் ஒலித்தட்டு வணிகர் சங்கத்தின் விருது ஹாதர்சேஜுக்குக் கிடைத்தது. பொறாமைக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனி வெளியிட்ட அறிக்கைகளில் பொய்யாகவே நின்றுபோனது என்று ஒன்றையாவது அவர்கள் காட்டட்டும். அச்சேறியபோது பொய்யாக இருந்ததை எல்லாம், சம்பந்தப்பட்டவர்களின் வாழ்க்கையைச் செலவழித்து, நாங்கள் உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறோம்.