சுவருக்கு மட்டும் இன்சூரன்ஸ்

ஜொகூர் பாரு,
யுவ வருஷம் கார்த்திகை மாதம்

சிம்பாங் ரெங்கம் மளிகைக்கடை மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி மணியம் அவர்கள் சமூகத்துக்கு, அய்யாவு தெண்டனிட்டு எழுதுவது. இவ்விடம் நாங்கள் மூவரும் உயிரோடு சுகம். சுகத்துக்கு மேல் வேறெதுவும் எங்களிடம் இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

போன வாரம் கீழே காப்பிக்கடை அடுப்பில் பிடித்த தீயில், நாங்கள் குடியிருந்த மாடி எரிந்துபோயிற்று. தங்கள் மகனுக்குக் கொடுக்கப்போகும் என் மகள் சந்திரமதிக்காக, அவள் சமைந்த நாளிலிருந்து சேர்த்த சீர்ப் பாத்திரம், பட்டுப்புடவை, மெத்தை எல்லாம் போயின. வெளியே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. வாசல் சுவரில் சிங்கப்படம் போட்ட இன்சூரன்ஸ் தகடு ஒன்று அடித்திருக்கும். வீட்டுக்காரச் சீன முதலாளி தவுக்கே அதைக் காட்டி, நெருப்பு வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார். என் சம்சாரம் வெள்ளையம்மா வெள்ளி தவறாமல் அந்தச் சிங்கத்துக்குக் குங்குமம் வைப்பாள். அந்தத் தைரியத்தில், சீர்ப்பெட்டியைத் தூக்க ஓடிவந்த பக்கத்து வீட்டாரை, "விடுங்கப்பா, கம்பெனி பாத்துக்கும், நீங்க கையச் சுட்டுக்காதீங்க" என்று நானே வழிமறித்தேன் ஐயா, நானே. மறுநாள் கம்பெனி ஆள் வந்தார், சுவரை அளந்தார், கிளம்பினார். எங்க சீர்ப்பெட்டிக்கு என்ன தருவீங்கன்னு கேட்டேன். "சுவர் தவுக்கேயோடது, அவரு இன்சூரன்ஸ் போட்டாரு. உங்க சாமானுக்கு நீங்கதான் தனியா போட்டிருக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். குடியிருக்கிறவனுக்கும் தனியா உண்டுன்னு நான் எங்க கண்டேன். தவுக்கேக்குப் புதுச்சுவர் வருது. நல்ல மனுஷன், எங்களுக்காக வருத்தப்பட்டு எதிர்க்கடையில ஆளுக்கொரு காப்பி வாங்கிக் கொடுத்தார். இப்ப கோயில் மண்டபத்துல ஒதுங்கியிருக்கோம். வெள்ளையம்மா கருகின குத்துவிளக்கை மடியில வச்சுக்கிட்டு அழுவுறா. என்னால பாக்க முடியல.

ஆகையால் தாங்கள் பெரிய மனசு பண்ணி, தை முகூர்த்தத்தை நிறுத்தாமல், சீர் இல்லாமலே பெண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும். தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கடையும் வாடகைக் கட்டடம்தானே, உள்ளே இருக்கும் சரக்குக்கு உடனே தனியாக இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள். சீருக்குப் பதில் இந்தப் புத்திமதியையாவது வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அதை எந்த நெருப்பும் தொடாது.

இப்படிக்கு,
அய்யாவு

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் சந்திரமதி இதை வாசித்துவிட்டாள். "எரிஞ்சது சாமான்தானேப்பா, நான் இருக்கேன்ல. நான் மட்டும் வந்தா பத்தாதுன்னா, எனக்கு அந்த வீடு வேணாம்" என்கிறாள். ஆகவே மேலே காலைத் தொட்டதை எழுதாததாகப் பாவிக்கவும். திருத்தி எழுத வேறு காகிதம் இல்லை. இன்சூரன்ஸ் போடச் சொன்னது மட்டும் சொன்னதுதான்.