இரண்டு டிஸ்க்கும் ஒரு பிஸ்கட் டின்னும்

விவாத மேடையில் தோற்றவனால் எவருக்கும் தீங்கில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். வென்றவன்தான் ஆபத்தானவன். மறுநாள் காலை அலுவலகத்துக்கும் வந்துவிடுவான்.

நான் வென்றவன். இருபத்து மூன்று வயதுக்குள் ஏழு விவாதக் கிண்ணங்கள். (அவற்றில் இரண்டில் அம்மா உப்பும் புளியும் போட்டு வைத்திருந்தார், அது வேறு சோகம்.) தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஹமீது முதலாளியின் அச்சகத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் என் அக்கா சாந்தா. அவர் அங்கே தட்டச்சுப் பிரிவு. நான் கணினிப் பிரிவு. பிரிவு என்றால், நான் ஒருவன்தான்.

அலுவலகத்தின் ஆறு கணினிகளும் ஒரே சர்வரில்தான் தம் கோப்புகளைச் சேமித்தன. கிள்ளானில் ஒரு கோயிலின் குடமுழுக்கு மலர் அப்போது எங்கள் கையில் இருந்தது. செந்தூல் வீட்டிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, மூன்று மாதமாக, கிட்டத்தட்ட முழுவதையும் அக்காவே தட்டிய முந்நூறு பக்கங்கள். அச்சேற இன்னும் எட்டே நாள் இருக்கையில் சர்வரில் இடம் தீர்ந்துபோயிற்று. முதலாளி புதிய டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து என் மேசைமேல் வைத்தார்.

அதைத் தனியாகப் பொருத்திப் பழைய வேலைகளை அங்கே மாற்றிவிடலாம். அல்லது பழைய டிஸ்க்கோடு இணைத்து, இரண்டையும் ஒரே பெரிய அறையாக ஆக்கிவிடலாம். அக்கா முதல் வழியைச் சொன்னார்.

"புதுசு எப்படி ஓடும்னு தெரியாது. கொஞ்ச நாளு தனியா வெச்சுப் பாப்போம்லா."

அவ்வளவுதான் அவர் வாதம். எதிரணி வாய் திறந்தால் எழுந்து நிற்பது என் பயிற்சி, நின்றேன். முதலாளியை நடுவராகவே பாவித்து, பிரிவினையின் கொடுமைகளில் தொடங்கி, கடல் கடந்து சிதறிக் கிடக்கும் இனத்தின் அவலத்தைத் தொட்டு, அரைமணி நேரம் கழித்து இரண்டு டிஸ்க்குகளின் சங்கமத்தில் வந்து முடித்தேன். அச்சு இயந்திரத்தில் நின்ற இருவர் கைதட்டினார்கள்.

"தம்பி பேசுறது நல்லாத்தான் இருக்கு," என்றார் முதலாளி. (சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.)

இணைத்தேன். வெற்றி அரைகுறையாக இருக்கலாமா? நகல் எடுத்து வைக்கும் ஃபிளாப்பிகள் இனி இந்த அலுவலகத்துக்கு அவமானம் என்று அறிவித்து, மேசைகளில் கிடந்தவற்றை எல்லாம் என் கையாலேயே அழித்தேன். மலரின் முதல் கட்டுரையும் என்னுடையதே, தலைப்பு 'ஒருமைப்பாடு'. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் தாங்காது என்று, அதைத் தொடவே கூடாதென அக்காவுக்குக் கட்டளையிட்டு, நானே நேராகச் சர்வரில் தட்டியிருந்தேன்.

ஆறாம் நாள் காலையில் புதிய டிஸ்க் கரகரவென்று இருமியது. பிறகு இருமவும் இல்லை.

நான் கலங்கவில்லை. போனது புதியதுதானே? கழற்றிவிட்டால் பழையது பழையபடி இருக்கும். கழற்றினேன். சர்வரை மறுபடி ஓடவிட்டேன்.

ஒன்றுமே இல்லை. மலர் இல்லை; கல்யாணப் பத்திரிகைகள் இல்லை; கோப்புகளின் பெயர்கூட இல்லை. திரையைத் துடைத்துப் பார்த்தேன். (ஆம், துணியால்.)

சர்வர் விற்ற கடையிலிருந்து லிம் வந்தார். நான் செய்ததைக் கேட்டவர் உட்காரக்கூட இல்லை. இணைத்த பிறகு கோப்புகள் இரண்டு டிஸ்க்கிலும் துண்டு துண்டாகப் பரவிவிடும், ஒன்று செத்தால் மற்றதையும் படிக்க முடியாது என்று விளக்கிவிட்டு, "ஹபிஸ் லா, பாஸ்," என்றார். முடிந்தது என்பதை மலாய் மொழியில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஏழு கிண்ணம் வாங்கியவன், காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. என்னைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கிள்ளான்காரவங்க வந்து நின்னா, நான் என்னம்மா சொல்றது சாந்தா?"

அக்கா குனிந்து, மேசைக்கடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஃபிளாப்பிகள்.

"அன்னிக்கு நீ பேசிக்கிட்டே இருந்தியா," என்றார் என்னிடம், "நான் காப்பி எடுத்துக்கிட்டே இருந்தேன். அப்புறமும் தெனம் எடுத்தேன்."

பழைய டிஸ்க்கைச் சுத்தமாக்கி, மலரை அதில் ஏற்றினோம். இருநூற்றுத் தொண்ணூற்றேழு பக்கங்கள் திரும்பி வந்தன. மூன்று வரவில்லை.

"உன்னோடத தொடக்கூடாதுன்னியே தம்பி."

ஒருமைப்பாடு இருக்க வேண்டிய இடத்தில், பங்சார் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் விளம்பரம் மூன்று பக்கம் வந்தது. மலரிலேயே மிகத் தெளிவான பகுதி அதுதான் என்று கோயில் தலைவர் பாராட்டினார்.

சில ஆண்டுகளுக்குப் பின் என் நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டு வரிசைத் தட்டுகளில் ஒன்றில் அதே டின் இருந்தது. பலகாரம் என்றெண்ணிப் பெண்வீட்டார் திறந்தார்கள். உள்ளே ஒரே ஒரு ஃபிளாப்பி. அதில் ஒட்டிய தாளில் அக்காவின் கையெழுத்து: 'மாப்பிள்ளை நன்றாகப் பேசுவார். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும்.'

டின் இப்போது என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. வீட்டில் நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினால் போதும். உள்ளறையில் மூடி திறக்கும் சத்தம் கேட்கிறது.