ஒத்துப்போகும் சாட்சிகள்

உண்மையைக் கண்டுபிடிக்கும் கலை உலகமெங்கும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கிறது. அது பூரண வளர்ச்சி கண்ட ஒரே இடம், மலேசியாவில் கோலா கெத்திலுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ். காரணகர்த்தா, அங்கே கணக்கெழுதும் தலைமைக் கிராணி செல்வரத்தினம்.

லாரி ஓட்டும் குணாளன் இரண்டு டன் பழக்குலைகளைக் கடத்தி விற்றான் என்று, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் தண்டல் மனோகரன் புகார் கொடுத்திருந்தார். போலீசுக்குப் போகுமுன் தோட்டத்திலேயே ஓர் "ஆரம்ப விசாரணை". குற்றம் தேறினால் குணாளனுக்கு வேலையும் இல்லை, குடியிருக்கும் வீடும் இல்லை. பிறகு லாக்கப். ஆகவே சாட்சிகளை எடைபோடும் பொறுப்பைச் செல்வரத்தினம் மிகுந்த பயபக்தியோடு ஏற்றார்.

அவர் முறை எளியது. ஒத்துப்போகிற சாட்சி, உண்மையான சாட்சி.

தண்டலின் ஆட்கள் ஐந்து பேர். எழுதும் சிரமம் அவர்களுக்கு எதற்கு என்று வாக்குமூலங்களைச் செல்வரத்தினமே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டார். விசாரணையன்று அவற்றை ஒப்பிட்டபோது அவருக்கே மெய்சிலிர்த்தது. ஐந்திலும் மணி பத்து பதினேழு. ஐந்திலும் நாற்பத்திரண்டு அடி தூரம். ஒரு கால்புள்ளிகூடப் பிசகவில்லை.

மேனேஜருக்கு மட்டும் ஐவரில் ஒருவனைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம். "அழகேசா, அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியில இல்ல படுத்திருந்த?"

"ஆமா தொரை. ஆனா கிராணி ஐயா தாள்படி நான் பாத்திருக்கேன் லா."

"ஒத்துப்போகுது," என்று குறித்துக்கொண்டார் செல்வரத்தினம்.

அடுத்து, எடைமேடையில் வேலை செய்யும் ரூபினி.

"பழம் ஏத்தினது தண்டலோட மச்சான் லாரி ஐயா. குணா அண்ணன் லாரி அன்னிக்கு வொர்க்‌ஷாப்ல கெடந்துச்சு."

"மணி?"

"பத்து, பத்தரை இருக்கும்."

"இருக்குமா? அஞ்சு பேர் நிமிஷத்தோட சொல்றாங்களே. எத்தனை அடி தூரம்?"

"பக்கத்துலதான். யாராவது டேப்பு புடிச்சிக்கிட்டா திருட்டப் பாப்பாங்க?"

அறையில் யாரோ சிரித்தார்கள். செல்வரத்தினம் சிரிக்கவில்லை. "நம்பத்தகாதவர்" என்று எழுதிக் காரணத்தையும் சேர்த்தார்: "சொந்தமாகப் பேசுகிறார்."

"நான் பேசலாமா ஐயா?" என்றான் குணாளன்.

"எதுக்குத் தம்பி தொண்டையக் கெடுத்துக்கிற? உன் ஒப்புதலும் எழுதி வச்சிட்டேன். கையெழுத்து மட்டும் போடு."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேனே."

செல்வரத்தினம் உண்மையிலேயே வருந்தினார். "படிச்சா அது சொல்லிக்கொடுத்த வாக்குமூலம் ஆயிடும். உன் நம்பகத்தன்மைதான் கெடும்."

குணாளன் பேனாவைக் கீழே வைத்தான். அந்த மேசையில் கையெழுத்துப் போடத் தயங்கிய ஒரே ஆள் அவன்தான். ஆகவே அவனைத்தான் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.