முருகன் என்றால் சரி, அம்மன் என்றால் வேண்டாம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் சாமியைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், வாசிக்கிறவர்கள் என்னைக் கேலி செய்வார்களே என்று. போன வெள்ளிக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் சூடம் கொளுத்திவிட்டு, "தாயே, எழுதப் போறேன், பொறுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எழுதட்டுமா என்று கேட்கவில்லை. (கேட்கிற பழக்கத்தால் நான் பட்டது போதும்.)

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்து, குழாய் அளந்து கொடுக்கிற வேலை. வீடு பசறைக்கு மேலே தோட்டத்தில். தினமும் காலையிலும் மாலையிலும் பஸ். அந்த வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, டிரைவர் போடுகிற பாட்டும் வயிற்றுக்குள் சேர்ந்து திரும்பும். அது பொறுக்காமல் என் மகள் தர்ஷினி என் போனில் பக்திப் பாட்டுக்களை ஏற்றி, காதில் மாட்ட ஒரு வயரும் வாங்கித் தந்தாள். தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை.

போனில் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒரு குறி இருந்தது. அதை அமுக்கிவிட்டால் பாட்டுக்கள் வரிசையாக வராது. முருகன் வருவார், அடுத்து அம்மன், அடுத்து ஐயப்பன், திரும்பவும் முருகன்.

"இது எப்படி தர்ஷினி? யாரு மாத்திப் போடுறா?"

"யாருமில்லப்பா. அதுவா மாத்திப் போடும்."

அதுவா! உலகத்தில் எது அதுவாக நடக்கிறது? மழை அதுவாகப் பெய்கிறதா? தேயிலை அதுவாகக் கொழுந்து விடுகிறதா? பாட்டை அனுப்புகிறவன் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து பஸ்ஸில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வயரை மாட்டுவேன். (ஒரு நாள் ஒரு கால் செருப்பு உருண்டு பின் சீட்டுக்கடியில் போய், கடைக்கு ஒற்றைச் செருப்போடு போனதும் உண்டு.)

அந்த நேரத்தில்தான் தர்ஷினிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற முத்துசாமி அண்ணன் தன் மகனுக்குக் கேட்டார். பையன் அப்பாவின் லொறியை ஓட்டுகிறான். குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை லொறிக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வெளிக்கிட மாட்டான் என்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது. தர்ஷினியிடம் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்தப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் எதற்கும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் உத்தரவு தெரிந்துவிடும். ஆனால் பூசாரி தன் மகள் வீட்டுக்கு வெலிமடைக்குப் போயிருந்தார். முத்துசாமி அண்ணனோ பதிலுக்கு அவசரப்பட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. (நல்ல யோசனை எல்லாம் எனக்குப் பஸ்ஸில்தான் வரும். கெட்டதும் அங்கேதான் ஏறும்.) பூவுக்குப் பதில் பாட்டு. முதலில் முருகன் பாட்டு வந்தால் சரி. அம்மன் பாட்டு வந்தால் வேண்டாம். கதிர்காமத்தான் வள்ளியைக் கட்டியவன், கல்யாணத்துக்கு அவன்தான் பொருத்தம். ஆனால் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கே காவல் நிற்கிற தாயை 'வேண்டாம்' பக்கத்தில் நிறுத்தினேனே, அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கழுவுவது?

அமுக்கினேன். பிள்ளையார் பாட்டு வந்தது.

அவருக்கு நான் கணக்கே வைக்கவில்லை. தடை நீங்கும் என்கிறாரா, இல்லை தடை இருக்கு என்கிறாரா? அடுத்தது முருகன். அப்பாடா என்று உடனே போன் போட்டேன்.

"சம்மந்தி! சாமி உத்தரவு கெடச்சிருச்சு. நமக்கு முழுச் சம்மதம்!"

அந்தப் பக்கம் அவர் கடையில் நின்ற எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னது எனக்கே கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலையில், ஒரு நன்றிக்காக, இன்னொரு தடவை கேட்டேன். அம்மன் வந்தாள். கடைக்குப் போனதும் போன் போட்டேன்.

"அண்ணே... கொஞ்சம் பொறுத்துப் பாப்போம் அண்ணே. உத்தரவு மாறிருச்சு."

"எந்தச் சாமி மாத்துனது?"

"நேத்து முருகன். இன்னைக்கு அம்மன்."

"அப்ப ரெண்டு பேரையும் பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் முருகன். மறுபடி சம்மந்தி. அதற்கு அடுத்த நாள் அம்மன். மறுபடி அண்ணே. எனக்கே தலை சுற்றியது. கடையில் ஆணி கேட்டவருக்குத் திருகாணியும், வெள்ளைப் பெயின்ட் கேட்டவருக்குப் பச்சையும் கொடுத்தேன். ஒரு நாள் ஐயப்பன் வந்து, மாலை போடச் சொல்கிறாரோ என்று வேறு குழம்பினேன்.

வீட்டில் என் மனைவி சரோஜா பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கக்கினேன்.

"அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டேனே. உங்க இஷ்டம்னு சொல்லிருச்சு."

"மூஞ்சியப் பாத்துக் கேட்டீங்களா, போனப் பாத்துக் கேட்டீங்களா?"

குசினிக்குள் தர்ஷினி கழுவிக்கொண்டிருந்த கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் மாலை, பதுளை ஸ்டாண்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் பாரமாக வந்து விழுந்தார். முத்துசாமி அண்ணன்! வெளியே போக வழியில்லாமல் என்னை ஜன்னலோடு அடைத்துவிட்டார்.

"சொல்லுங்க. இன்னைக்கு நான் அண்ணனா, சம்மந்தியா?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"எம்மவன் சாப்பிட மாட்டேங்கிறான். பொஞ்சாதி அழுவுறா. கடைப் பொடியன்கள் என்னயப் பாத்து 'இன்னைக்கு எந்தச் சாமி முதலாளி'ன்னு கேக்குறானுங்க. இன்னைக்கு முடிவு தெரியாம நான் எறங்க மாட்டேன். இல்லேன்னா வேற எடம் பாத்துருவேன், ஆமா."

வேற இடம் என்றதும் தர்ஷினியின் கோப்பைச் சத்தம் நின்றது என் காதுக்குள் கேட்டது. பூ கட்டவில்லை, போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த வயர்ல ஒன்ன இங்க குடுங்க" என்றார்.

ஆளுக்கொரு காது. அமுக்கினேன். முருகன்.

"இன்னொன்னு பாப்போம்" என்றார். முருகன். அடுத்ததும் முருகன். பஸ் வளைவில் சாய, நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயரில் சேர்ந்து சாய்ந்தோம். மறுபடியும் முருகன். அம்மனும் இல்லை, ஐயப்பனும் இல்லை, பிள்ளையாருமில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவருக்கும் தாரை தாரையாக ஓடுகிறது. முன் சீட்டு அம்மா திரும்பி, "பாவம், வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, கல்யாணம்" என்றார் முத்துசாமி அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பசறையில் இறங்கியபோது என் கையைப் பிடித்தார். "சம்மந்தி, இனிமே சாமியத் தொந்தரவு பண்ணாதீங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்மந்தி சொன்னதிலிருந்து நான் போனில் பாட்டே போடவில்லை. தலைத்தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தபோது, போனில் ஒரு அம்மன் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டுத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. தர்ஷினி பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அழிச்சிட்டேன்ப்பா. அம்மன், ஐயப்பன், பிள்ளையார் எல்லாத்தையும். நீங்க அம்மாகிட்ட சொன்ன அன்னைக்கே. எனக்கு அவர புடிச்சிருந்துச்சு. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"என்கிட்டச் சொல்லத்தான் வெக்கம், சாமி பாட்ட அழிக்க வெக்கமில்லயா?"

"சாமி கோவிச்சுக்கலயேப்பா. நல்லாத்தானே இருக்கேன்."

மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து மன்னிப்புக் கேட்டேன். சம்மந்தியிடம் மகளே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. "அழிச்சது உன் கைதான் மகளே. அழிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாராம். அது அற்புதமா, என் மகளின் கெட்டித்தனமா, இரண்டும் ஒன்றுதானா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. வீட்டில் இரவைக்கு ரொட்டியா சோறா என்று நான் ஒரு நிமிஷம் தயங்கினாலும், சரோஜா, "போய்ப் பாட்டுப் போட்டுப் பாத்துட்டு வாங்க" என்கிறாள். பேத்திகூட இப்போது அதைச் சொல்லப் பழகிவிட்டது.

ஆனால் பண்டாரவளைச் சந்தையில் கதை வளர்ந்துவிட்டது. போனில் சார்ஜே இருக்கவில்லை என்கிறார்களாம். பஸ் முழுக்க விபூதி வாசம் வந்ததாம், மயில் ஒன்று கூடவே பறந்து வந்ததாம். சாமி பெயரில் பொய் சேரக்கூடாது என்றுதான் துணிந்து எழுதுகிறேன். வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மயில் வரவில்லை. போனில் சார்ஜ் இருந்தது. கேட்க வேண்டிய ஆள் என் வீட்டுக் குசினியிலேயே நின்றாள். அதையும் விடாமல் சொல்லுங்கள்.