அன்னநடையாரின் மஞ்சள் விளக்கு

"இந்த விளக்கை இன்னிக்கு ஒரு கை பாக்காம விடப்போறதில்ல!" என்று காலைக் காபியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடிக்கடைக்காரர் பிரகடனம் செய்தார்.

"கையால பாக்காதீங்க. எஞ்சின் சூடா இருக்கும்" என்றாள் அவர் மனைவி. தெருவில் எல்லோரும் அவளை அம்மணி என்பார்கள். கொஞ்ச நாளில் அவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்.

விளக்கு இருந்தது அவருடைய டீசல் வேனில். ஸ்டியரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்டு மஞ்சளாக எரியும். எஞ்சினைக் கவனி என்று அதற்கு அர்த்தம். எஞ்சினில் எதைக் கவனிப்பது என்று மட்டும் சொல்லாது. விளக்கு வந்ததே தவிர விளக்கம் வரவில்லை.

அந்த வேனில்தான் அவர் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் போவார். கண்ணாடி ஏற்றினால் யாருமே மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். இவர் இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அப்படியே ஓட்டினார். ஒருமுறை சைக்கிளில் வந்த தபால்காரர் அவரை முந்தியதோடு நில்லாமல், ஜன்னல் வழியாகக் கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து அவருக்கு அன்னநடையார் என்று பெயர். அதைப் பாராட்டு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மணிக்கும் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். வேன் வாங்கிய புதிதில் ஒரே ஒரு தடவை ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னநடையார் கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில், வீடு வந்து இறங்கும்போது அது அவர் கையோடு வந்துவிட்டது. வேன் சாவியை அம்மணி தொடக் கூடாது என்று அன்றே உத்தரவு போட்டார். அவர் போட்ட உத்தரவுகளில் அமலில் இருந்தது அது ஒன்றுதான்.

விளக்கோடு அவர் நடத்திய போர் நீண்டது. டீசல் டாங்கி மூடியை இறுக்கினார். எரிந்தது. காற்று ஃபில்டரைத் தட்டி, ஊதி, தும்மி மாட்டினார். எரிந்தது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். அணைந்தது. அன்று மாலை, நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பாட்டில் மருந்து வாங்கி டாங்கியில் ஊற்றினார். இரண்டு நாளில் விளக்கு தானாக அணைந்தது!

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தது. மறுபடி பாட்டில். மறுபடி அணைந்தது. அன்னநடையார் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். மாடியில் குடியிருந்த தையல்காரரைக் கீழேயிருந்தே கூப்பிட்டார்.

"பாத்தீங்களா? எஞ்சினுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். ஒரே பாட்டில். கப்சிப்!"

தையல்காரர் எதையோ சொல்ல வந்தார். வாய் நிறையக் குண்டூசி. "ம்ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் இந்த முறை வந்த விளக்கு போகவில்லை. ஒரு பாட்டில் ஊற்றினார். இரண்டு ஊற்றினார். இரண்டு வாரம் ஆயிற்று. வேன் ஏற்றத்தில் இருமத் தொடங்கியது. மேட்டுத் தெருவில் புதிதாகக் கட்டும் மருத்துவமனைக்கு அத்தனை ஜன்னலுக்கும் கண்ணாடி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அன்னநடை நொண்டிநடையானால் மேட்டுத் தெரு ஏறுமா?

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் போனார். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவனுக்கு ஹாரன் என்று பெயர். ஹாரன் ஒரு கருவியை வேனில் செருகிப் பார்த்தான்.

"வடிகட்டிண்ணே!" என்று கத்தினான்.

"யாரைப் பாத்து வடிகட்டின முட்டாள்ங்கற?"

"உங்களைச் சொல்லலண்ணே. சைலன்சர் போற வழியில ஒரு வடிகட்டி இருக்கு. டீசல் கரியை எல்லாம் அது பிடிச்சு வெச்சுக்கும். நல்ல வேகத்துல கொஞ்ச நேரம் விடாம ஓடினா, சூடேறி அந்தக் கரி தானா எரிஞ்சிடும். நீங்க ஓட்டுற ஓட்டுல அது குளிர் காயக்கூட முடியாது!"

"மருந்து ஊத்தினா அணையுதேப்பா?"

"அந்த மருந்துல அடுப்பே அணையாது!"

"அப்போ இத்தனை நாள் எப்படி அணைஞ்சுது?"

"அதான் எனக்கும் புரியல. ஏதாவது இறக்கத்துல பிரேக் பிடிக்காம போயிருப்பீங்க."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்னநடையார் முகத்தில், வடிகட்டியில் இருந்ததைவிட அதிகக் கரி.

நேராக நெடுஞ்சாலைக்கு விட்டார். மிதி என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. பின்னால் வந்த லாரிகள் அவரை வரிசையாகத் திட்டிவிட்டுப் போயின. விளக்கோடு போனவர் விளக்கோடு வீடு திரும்பினார். திரும்பும் வழியில்தான் அந்த அற்புதமான யோசனை உதித்தது. மிதிப்பதற்கென்றே வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே! காரணத்தைச் சொல்லாமல் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஏம்மா, நான் ரொம்ப யோசிச்சேன். இந்தக் காலத்துல பொம்பளைங்க வண்டி ஓட்டாம இருக்கறது நல்லாவா இருக்கு?"

"நேத்து வரைக்கும் வேற காலமா இருந்துச்சா?"

"பழசை விடு. வாரத்துல ஒரு நாள் வேனை எடுத்துட்டு நெடுஞ்சாலையில போயிட்டு வா. மனசுக்கும் நல்லது."

"ஐயையோ, எனக்குப் பயமா இருக்குங்க. பழக்கமே விட்டுப்போச்சு."

"அதெல்லாம் வரும். தைரியமா மிதி."

"நீங்கதானே மிதிக்கக் கூடாதுன்னீங்க?"

"இப்போ நான்தானே சொல்றேன், மிதி!"

அம்மணி பெருமூச்சு விட்டாள். "அன்னிக்குச் சமையல் யாரு?"

"நான்."

"பாத்திரம்?"

"அதுவும்... நானே."

"எங்க போனே, எவ்வளவு தூரம் போனேன்னு கேக்கக் கூடாது."

"கேக்கல."

"பக்கத்துல உக்காரக் கூடாது."

இதற்கு மட்டும் அவர் உடனே தலையாட்டினார்.

அம்மணி தயங்கித் தயங்கிச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அன்னநடையார் வெங்காயம் நறுக்கினார். கண்ணில் நீர் வழிந்தது. உதட்டில் சிரிப்பு வழிந்தது. 'என் கரியை எரிக்க அவளையே அனுப்பிட்டேன். அவளுக்கே தெரியாது!'

சாயங்காலம் வேன் வந்தது. வீட்டுக் கேட் குறுகலானது. பின்பக்கமாக உள்ளே விட அவருக்கு அரைத் தெருவின் ஒத்துழைப்பு வேண்டும். அம்மணி ஒரே திருப்பில் விட்டு நிறுத்தினாள். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

மாடி ஜன்னலிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். இப்போது வாயில் குண்டூசி இல்லை.

"எப்பவும்போல அம்மா ஒரே திருப்புல விட்டுட்டாங்க பாருங்க!"

கரண்டியோடு வாசலுக்கு வந்த அன்னநடையார் அப்படியே நின்றார். "எப்பவும்போலவா?"

"செவ்வாய்க்கிழமை மதியம் நீங்க சதுரங்கம் ஆட நடந்து போவீங்களே, அப்போ எடுப்பேன்" என்றாள் அம்மணி. "கடற்கரை வரைக்கும் போய்க் காலை நனைச்சுட்டு வருவேன்."

"சாவியைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"தொடவே இல்லீங்க. துணியால பிடிச்சு எடுத்தேன்."

"அப்போ விளக்கை அணைச்சது..."

"முதல் தடவை தானா அணைஞ்சுது. ரெண்டாவது தடவை எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அன்னநடையார் வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே குழம்பு தீய்ந்த வாசனை வந்தது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது.

"அப்போ இந்த ரெண்டு வாரம் மட்டும் ஏன் அணையல?"

"ஸ்டிரைக் பண்ணினேங்க. நீங்க எல்லாக் கோரிக்கையையும் ஏத்துக்கிட்டீங்க, வாபஸ் வாங்கிட்டேன்."