சாமான் கிராணி கடைக்குப் போனார்

சிராங்கூன் சாலையில் சாமான் கிராணிக்கு எதையும் விற்காத கடைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. சவப்பெட்டி செய்யும் சீனர்கூட அவருக்கு ஒரு விலை சொல்லி வைத்திருந்தார்.

கப்பல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை; ‘சாமான்’ தெரு வைத்த பட்டம். சாலையில் டிராம் ஓடத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். மாலையில் அவர் வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததில்லை. கிளியில்லாத கூண்டு வந்தது. ஒருநாள் குதிரைச் சேணம் வந்தது.

“எதுக்குண்ணே இது?”

“நல்ல தோலு தம்பி. விட்டுட்டு வர மனசு வரலை.”

பாய் விரிக்க இடமில்லாமல் போனதும் அவர் மனைவி செல்லம்மா அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டார். “அவரு சேணத்தோட குடும்பம் நடத்தட்டும்!” என் மனைவி தாராளமாக இடம் கொடுத்தாள். நான் வராந்தாவுக்குப் போனேன்.

கிராணி ஆடிப்போனார். கடையில்லாத தெருவாகப் பார்த்து நடந்தார். அங்கே கூடைக்காரர்கள் எதிரே வந்தார்கள். டிராமில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும்போது பக்கத்தில் இருந்தவரின் குடை இவர் கையில் இருந்தது, விலை பேசி வாங்கியது.

அப்போது என் மனைவி நிறைமாதம். தொட்டில் வாங்க வேண்டும், எனக்கோ பேரம் பேச வராது. அவரைக் கூட்டிப்போனேன். சீனத் தச்சரின் கடையில் தொட்டிலைத் தட்டினார், மோந்தார், கவிழ்த்தார். விலையைக் கேட்டதும், “மஹால், தவ்க்கே, மஹால்!” என்று, விலை அதிகம் முதலாளி என்பதை மலாயில் அலறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். தவ்க்கே பதறிப்போய்த் தேநீரும் கொடுத்து விலையையும் குறைத்தார்.

தொட்டில் என் அறைக்குள் போனது. கிராணி முகத்தில் விருந்து சாப்பிட்ட களை.

“தம்பி, தேடினதும் பேசினதுமே வயிறு நெறஞ்சிருச்சு. சாமான் என் வீட்டுக்குத்தான் வரணும்னு இல்லை போலயே!”

அதன்பின் தெரு முழுவதற்கும் அவர்தான் கடைக்குப் போனார். கல்யாணப் புடவையோ, கப்பலில் வந்திறங்கிய புது ஆளுக்குப் போர்வையோ, ஆசை தீரப் பேசி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு வருவார். அறையில் கிடந்த சாமான்களும் மெல்ல மெல்ல வெளியேறின. அக்கா பாயோடு திரும்பிப் போனார். நானும் வராந்தாவிலிருந்து வீடு திரும்பினேன்.

பல வருடங்கள் கழித்து அவர் ஊரோடு போகக் கிளம்பினார். நினைவாக ஒரு கடிகாரம் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம். எதை எடுத்தாலும் எங்களுக்குச் சந்தேகம். கடைசியில் யாருக்கென்று சொல்லாமல் அவரையே கூட்டிக்கொண்டு போனோம்.

காதோரம் வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். பேரத்தை ஆரம்பித்தார்.

அன்று அந்த விலை படியவே கூடாது என்றிருந்தது எனக்கு.