தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்

பொய்ச்சாட்சி சொல்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவம், கற்றுக்குட்டிகள். நான் சொல்ல வருவது அவர்களுக்கு ஒரு படி மேலான இனம்: வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாமல், எந்தக் கூண்டிலும் துணிந்து ஏறி, முகம் வியர்க்காமல் சத்தியம் செய்துவிட்டு இறங்கி வருகிறவர்.

சட்டம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சத்தியம் பண்ணியிருக்கணும். சொன்னது பொய்யா இருக்கணும். பொய்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கணும். விஷயமும் வழக்குக்கு முக்கியமா இருக்கணும். அப்பதான் சார் அது பொய்ச்சாட்சி!" என்று விரல்விட்டு எண்ணுவார். தெரியாதவனைச் சட்டம் என்ன செய்துவிடும்? ஆகவே தெரியாமல் இருப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார். இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் இவருக்கு இருமல் வரும். கையெழுத்துக்குத் தாளை நீட்டினால் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். மைத்துனர் சொத்துப் பேச்சை எடுத்தால் எழுந்து செருப்பைத் தேடுவார்.

நம்மவர் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவர் மேஜைக்கு நேர் எதிரே வெட்டும் இயந்திரம். ஒரு நாள், வேலை மெதுவாக நடக்கிறதென்று அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்ற சூப்பர்வைசர் ஸ்பானரோடு வந்தார். இவர் தண்ணீர் குடிக்கப் போனார். மூன்று டம்ளர். அன்று மதியமே அந்த இயந்திரத்தில் நின்ற பெண்ணுக்கு இரண்டு விரல்கள் போயின. மூடியைக் கழற்றியது அவள்தான் என்று சொல்லி நிர்வாகம் அவளை வேலையைவிட்டும் அனுப்பியது. அவள் வழக்குப் போட்டாள். அவளுக்கிருந்த ஒரே சாட்சி இவர்.

"மூடியைக் கழட்டினது யாரு?"

"நான் பார்க்கலீங்க."

"அந்தம்மாவே கழட்டியிருக்கலாமா?"

"எனக்குத் தெரியாதுங்க."

ஒவ்வொரு சொல்லும் சுத்தத் தங்கம்! அவள் தோற்றாள்.

கோர்ட் வாசலில், இரண்டு விரலில்லாத கையோடு அவள் இவரை மறித்தாள். "அண்ணே, அவரு ஸ்பானரோட வந்ததும் நீங்க ஏன் எழுந்து போனீங்க?"

"அதை உள்ளே யாரும் கேக்கலையேம்மா! கேட்டிருந்தா பொய்யா சொல்லியிருப்பேன்?"

கேட்டுக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்ச்சாட்சி சொன்னவனாவது மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுவான். இவர் நிம்மதியாக பஸ் ஏறிப் போனார்.

நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். சும்மா ஒன்று கேட்கிறேன்: போன வாரம் பக்கத்து வீட்டில் அந்தப் பெண் அலறியபோது டிவி சத்தத்தைக் கூட்டினீர்களே, அப்படி என்ன நிகழ்ச்சி?